கல்செதோன் சங்கம் (451): கொள்கைச் சண்டை தீர்ந்த பிறகும் ஒரே நற்கருணை ஏன் இல்லை?

ஏட்டுச்சுரைக்காய் (இழையைத் தொடங்கியவர்)

2025 நவம்பர் 28 அன்று போப் 14ஆம் லியோவும் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்தலமேயுவும் துருக்கியின் இஸ்னிக் (பழைய நிசேயா) ஏரிக்கரையில் சேர்ந்து ஜெபித்தார்கள். நிசேயா சங்கம், அதாவது ஆயர்களின் பொதுக் கூட்டம், கூடி 1700 ஆண்டு. அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பல்லவி: ஆதி சங்கங்களுக்குத் திரும்பினால் சபைகள் ஒன்றாகிவிடும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நிசேயாவைக் கொண்டாடுவது சுலபம். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) எல்லாருக்கும் அது பொதுச் சொத்து. சங்கங்கள் ஒற்றுமைக்கு உதவுமா என்று சோதிக்க வேண்டுமானால் கல்செதோனுக்குப் போக வேண்டும். ஏனென்றால் அங்கேதான் கிழக்குச் சபை இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும். இன்னொரு பக்கம் எகிப்தின் காப்டிக் சபை, சிரியன், ஆர்மீனியன், எத்தியோப்பியன், அப்புறம் நம் பக்கத்துக் கேரளத்தின் மலங்கரை.

அந்தச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் கிடைக்கின்றன. படித்தால் சட்டமன்றக் குறிப்பு மாதிரியே இருக்கும். 451 அக்டோபர் 8, புனித யூபேமியா ஆலயம், இன்றைய இஸ்தான்புல்லின் காடிகோய் பகுதி. கூட்டத்தை நடத்தியவர்கள் ஆயர்கள் அல்ல, பேரரசர் மார்சியனின் அதிகாரிகள். முதல் நாளே ஓர் ஆயர் உள்ளே வந்ததும் இரண்டு அணியும் கத்த ஆரம்பித்துவிட்டது. இப்படித் தெருக்கூச்சல் போடுவது ஆயர்களுக்கு அழகல்ல என்று அதிகாரிகள் கண்டிக்க வேண்டியிருந்தது.

எனக்கு மறக்க முடியாதது நான்காம் அமர்வு. எகிப்திலிருந்து வந்த 13 ஆயர்கள் அன்றைய போப் முதலாம் லியோ கிறிஸ்துவைப் பற்றி எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அவர்களுடைய தலைவர் அலெக்சாந்திரியாவின் தியோஸ்கோரைச் சங்கம் சில நாள் முன்புதான் பதவியிறக்கியிருந்தது. புதிய தலைவர் வராமல் நாங்கள் கையெழுத்திட முடியாது, இட்டுவிட்டு ஊர் திரும்பினால் எங்களைக் கொன்றுவிடுவார்கள், இரங்குங்கள் என்று தரையில் விழுந்து கெஞ்சினார்கள். சபையில் கேலிதான் அதிகம். கடைசியில் அதிகாரிகள் தலையிட்டு, புதிய தலைவர் வரும்வரை அவர்கள் தலைநகரிலேயே தங்கட்டும் என்றார்கள். 30ஆம் ஒழுங்குவிதியாக அது இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. பயம் வீண் பயம் இல்லை. கல்செதோன் தரப்பு அலெக்சாந்திரியாவில் ஆயராக நியமித்த புரோத்தேரியஸை 457இல் கும்பல் கொன்றுபோட்டது.

இப்போது 1964க்கு வாருங்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இரு தரப்பு இறையியலாளர்களும் அதிகாரபூர்வமற்ற முறையில் சந்தித்தார்கள். கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாட்டின் சாரத்தில் முழுமையாக ஒத்துப்போகிறோம், சொற்கள்தான் வேறு என்று எழுதிக் கொடுத்தார்கள். 1989இல் எகிப்தின் வாதி நட்ரூனிலும் 1990இல் ஜெனீவா அருகே ஷாம்பேசியிலும் அதிகாரபூர்வக் குழுவே அதைச் சொன்னது. பழைய சாபத் தீர்ப்புகளை நீக்கலாம் என்றும் பரிந்துரைத்தது.

சரி, 1990க்குப் பிறகு இத்தனை வருடம் ஓடிவிட்டது. இன்றும் ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குருவும் காப்டிக் குருவும் ஒரே பீடத்தில் நின்று பலி ஒப்புக்கொடுக்க முடியாது. ஏன்?

என் பதில்: சங்கங்கள் சொன்ன கொள்கை இப்போது தடை இல்லை. சங்கங்கள் கொடுத்த தண்டனையும், அங்கே பங்கிட்ட அதிகார நாற்காலிகளும்தான் தடை. இதை ஒப்புக்கொள்ளாமல் “ஆதிச் சபைக்குத் திரும்புவோம்” என்றால், அந்தச் சண்டைக்கும் சேர்த்துத்தான் திரும்புவோம்.

சந்தேகத் தோமா

அண்ணே, நல்ல பதிவு. ஆனால் சண்டை எதைப் பற்றி என்று ஒரு வரியில் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. எங்களைப் போல ஞாயிறு மறைக்கல்வியோடு நிறுத்திக்கொண்டவர்களும் படிக்கிறோம்.

ஏட்டுச்சுரைக்காய்

தோமா, ஒரு வரி போதாது, நாலு வரி தருகிறேன். கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர். இதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. அவரை “இரண்டு இயல்புகளில்” ஒருவர் என்பதா, “இரண்டு இயல்புகளிலிருந்து” ஒருவர் என்பதா என்பதில்தான் இழுபறி. அலெக்சாந்திரியாக்காரர்கள் தங்கள் பழைய ஆயர் சிரில் சொன்னபடி “மனிதரான இறைவார்த்தையின் ஒரே இயல்பு” என்றே பழகியவர்கள். “இரண்டில்” என்று சொன்னால் கிறிஸ்துவை இரண்டு ஆளாகப் பிரிக்கிறார்கள் என்று அவர்களுக்குப் பட்டது. ரோமுக்கோ, “இரண்டிலிருந்து” என்றால் மனித இயல்பு கரைந்துபோனதாகப் பட்டது.

சுவையான விஷயம் கேளுங்கள். அக்டோபர் 22இல் வந்த முதல் வரைவில் “இரண்டிலிருந்து” என்றே இருந்தது. பெரும்பாலான ஆயர்கள் அதற்குச் சம்மதம். ரோமின் தூதுவர்கள் மட்டும், லியோவின் கடிதப்படி திருத்தாவிட்டால் நாங்கள் ஊருக்குப் போகிறோம், இத்தாலியில் தனிச் சங்கம் கூட்டுவோம் என்று கிளம்பிவிட்டார்கள். அப்போது அதிகாரிகள் கேட்ட கேள்வி: தியோஸ்கோர் சொல்வது இது, லியோ சொல்வது அது, நீங்கள் யார் பக்கம்? பதவி போனவன் பக்கம் என்று யார் சொல்வார்? “லியோவைப் போலவே நம்புகிறோம்” என்று கூட்டம் குரல் கொடுத்தது. வரைவு மாறியது.

ஜெபவீரன்

பிரதர், மன்னிக்கணும். இதெல்லாம் மனுஷர் கூடிப் பேசியது. கான்ஸ்டன்டைன் என்ற ராஜா கூட்டினான், ஓட்டுப் போட்டார்கள், வேதப் புத்தகங்களையும் அங்கேதான் பொறுக்கி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேதம் ஒன்று போதாதா? ஆவியில் ஒன்றாயிருந்தால் சபை ஒன்றுதான். ராஜாவின் கட்டளையால் வரும் ஐக்கியம் எதற்கு?

வேதபாட டீச்சர்

தம்பி ஜெபவீரன், நான் சிஎஸ்ஐ. “வேதம் போதும்” என்பதில் உங்களோடு பாதி வழி வருவேன். ஆனால் இரண்டு தகவலைத் திருத்த வேண்டும்.

நிசேயா வேதப் புத்தகங்களைத் தெரிவு செய்யவில்லை. அங்கே போட்ட 20 ஒழுங்குவிதிகளில் அதைப் பற்றி ஒன்றுமே கிடையாது. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் அப்படியே அடங்கிய பட்டியல் 367இல் அத்தனாசியு எழுதிய ஈஸ்டர் கடிதத்தில்தான் வருகிறது. ஓட்டு என்பதும் நம் பஞ்சாயத்துத் தேர்தல் மாதிரி கிடையாது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஏரியஸுக்காகக் கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர், இருவரும் லிபியப் பக்கம்.

இன்னொன்று. ஏரியஸும் வேதத்தைத்தான் காட்டினார். நீதிமொழிகள் 8:22, யோவான் 14:28, “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்”. வசனத்துக்கு வசனம் மோதி முடிவு வராமல்தான் வேதத்தில் இல்லாத ஒரு சொல்லை, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்பதை, வேறு வழியில்லாமல் போட்டார்கள். உங்கள் சபையில் யெகோவா சாட்சிக்காரரைப் பிரசங்கிக்க விடுவீர்களா? மாட்டீர்கள். அப்போது நீங்களும் நிசேயாவின் வேலியைத்தான் காவல் காக்கிறீர்கள், பெயர் சொல்லாமல்.

ராஜா கட்டளை பற்றிச் சொன்னது சரி. அதில் எனக்கும் உறுத்தல் உண்டு.

ஜெபவீரன்

யெகோவா சாட்சி விஷயம் யோசிக்க வேண்டியதுதான் சிஸ்டர். ஆனால் “இரண்டில்”, “இரண்டிலிருந்து” என்பதற்காக ஒருவரை நாடு கடத்துவது எந்த வசனத்தில் இருக்கிறது?

ஏட்டுச்சுரைக்காய்

எந்த வசனத்திலும் இல்லை. தியோஸ்கோர் கங்கரா என்ற ஊருக்கு நாடு கடத்தப்பட்டு 454இல் அங்கேயே இறந்தார்.

இதிலும் ஒரு முக்கியமான குறிப்பு உண்டு. அவரை இறக்கியது விசுவாசத்துக்காக அல்ல, லியோவைச் சபைநீக்கம் செய்ததற்காகவும் மூன்று முறை அழைத்தும் வராததற்காகவும்தான் என்று கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் அனத்தோலியஸ் அதே சங்கத்திலேயே சொன்னார். 20ஆம் நூற்றாண்டில் பேச்சுவார்த்தை தொடங்கியவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் பெரிய கதவைத் திறந்துவிட்டது. அவர் மதபேதக்காரர் என்ற தீர்ப்பு அன்று இல்லாவிட்டால், இன்று அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கு?

கோட்டயம் எக்ஸ்பிரஸ்

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் மலங்கரை ஆர்த்தடாக்ஸ். சென்னையிலேயே வளர்ந்ததால் தமிழில் சண்டை போட வரும்.

ஏட்டுச்சுரைக்காய் சொல்வது பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கள் குர்பானாவில் (திருப்பலியில்) துப்தேன் என்று ஒரு பகுதி இருக்கிறது. பிதாக்களின் பெயரைச் சொல்லி நினைவுகூர்வது. அதில் நிசேயா, கான்ஸ்டான்டிநோபிள், எபேசு மூன்று சங்கங்களும் வரும். கல்செதோன் வராது. கல்செதோனை எதிர்த்த அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை செவேரஸை “சிரியர்களின் மகுடம்” என்று பாடுவோம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ்காரர்கள் ஜூலையில் நான்காம் சங்கத்தின் பிதாக்களுக்கென்றே ஒரு ஞாயிறு கொண்டாடுகிறார்கள். அன்றைய பாட்டுகளில் தியோஸ்கோர், செவேரஸ் இருவரும் மதபேதக்காரர்கள். எங்களுக்கு எதிர்ப்பக்கம் லியோ அப்படி. அவர்களுக்கு அவர் புனிதர், பிப்ரவரியில் திருவிழா.

இறையியலாளர்கள் கையெழுத்திட்டதும் இந்தப் பாட்டுகள் மாறிவிடுமா? பரிந்துரை வந்ததும் கிரீஸின் ஆத்தோஸ் மலைத் துறவிகள் கடுமையாக எதிர்த்தார்கள். சங்கம் சபித்தவரை எங்கள் தலைமுறை எப்படி மன்னிக்கும், அப்படியானால் சங்கத்தில் ஆவியானவர் இல்லையா என்பது அவர்கள் கேள்வி. அபத்தமான கேள்வி என்று தள்ளிவிட முடியாது. எங்கள் மூத்தவர்களும் அதையேதான் வேறு பக்கத்திலிருந்து கேட்பார்கள்.

ஆனால் ஒரு திருத்தம். பேச்சு வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. ஆர்ஹுஸ் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் எங்கள் பவுல் வர்கீஸ் அச்சன், பின்னாளில் டெல்லியின் பவுலோஸ் மார் கிரகோரியோஸ் திருமேனி. வி.சி. சாமுவேல் அச்சனும் அங்கே கட்டுரை படித்தார். 1991இல் சிரியாவில் அந்தியோக்கியாவின் இரண்டு சபைகளும், கிரேக்கமும் சிரியனும், ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. ஓர் ஊரில் ஒரு தரப்புக் குரு மட்டும் இருந்தால் அவரே இரு தரப்பு மக்களுக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், குர்பானா எல்லாம் செய்யலாம். 2001இல் எகிப்தில் இரு தரப்பும் ஒருவர் கொடுத்த ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்று, கலப்புத் திருமணத்துக்கும் வழி செய்தார்கள்.

சந்தேகத் தோமா

சேட்டா, அப்படியென்றால் உங்கள் கேரளத்தில்? நியூஸில் போலீஸ், பூட்டு, கோர்ட் என்று வருகிறதே. அங்கே என்ன கல்செதோன்?

கோட்டயம் எக்ஸ்பிரஸ்

வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

அங்கே கல்செதோன் இல்லை என்பதுதான் விஷயம். ஆர்த்தடாக்ஸ் தரப்பு, யாக்கோபாயத் தரப்பு இரண்டுக்கும் அதே மூன்று சங்கங்கள், அதே குர்பானா, அதே துப்தேன். சண்டை அந்தியோக்கியா பாத்திரியார்க்கின் (முதுபெரும் தந்தையின்) அதிகாரம் எதுவரை, பள்ளிகளும் சொத்துகளும் யார் நிர்வாகத்தில் என்பது. 2017 ஜூலை 3இல் உச்ச நீதிமன்றம் சபையின் 1934ஆம் ஆண்டு அமைப்புச் சட்டப்படி நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் தரப்புக்குச் சாதகம்தான். ஆனால் போலீஸ் பாதுகாப்போடு பள்ளிக்குள் போவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

(பள்ளி என்றால் எங்களுக்குக் கோயில். ஸ்கூல் இல்லை.)

ஏட்டுச்சுரைக்காய்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சேட்டனே சொல்லிவிட்டார். உலக அளவிலும் இதே கதை. மாஸ்கோவும் கான்ஸ்டான்டிநோபிளும் ஏழு சங்கங்களையும் எழுத்துப் பிசகாமல் ஏற்பவர்கள். 2018 அக்டோபரில் உக்ரைன் சபை யாருக்குக் கீழ் என்ற தகராறில் மாஸ்கோ நற்கருணை உறவையே முறித்துக்கொண்டது. கான்ஸ்டான்டிநோபிள் தன் உரிமைக்கு எதைக் காட்டுகிறது தெரியுமா? கல்செதோனின் 9, 17, 28ஆம் ஒழுங்குவிதிகளை. புதிய ரோமுக்கு, அதாவது கான்ஸ்டான்டிநோபிளுக்கு, இரண்டாம் இடம் என்று உறுதிசெய்த அந்த 28ஐ போப் லியோ அப்போதே ஏற்க மறுத்தார். 2016இல் கிரீட் தீவில் ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரிய சங்கம் கூட்டியபோது ரஷ்யா, அந்தியோக்கியா, பல்கேரியா, ஜார்ஜியா நான்கும் வரவில்லை.

ஒரே விசுவாச அறிக்கை இருந்தால் ஒற்றுமை வரும் என்ற வாதத்தை இந்த ஒரு உதாரணமே சாய்த்துவிடுகிறது. அறிக்கை தேவைதான். அது இருந்தும் நாற்காலி பிரச்சினை தீராது.

பக்கத்து வீட்டுக்காரன்

நான் கிறிஸ்தவன் இல்லை, படிக்க ருசியாக இருந்ததால் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். துபாய் ஆபீஸில் எகிப்து நண்பர் ஒருவர் எங்கள் ஊர் ஈஸ்டர் முடிந்து பல நாள் கழித்து லீவு எடுப்பார். அதற்கும் இந்தச் சங்கங்களுக்கும் சம்பந்தம் உண்டா?

வேதபாட டீச்சர்

உண்டு சார், வாங்க. எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்ததே நிசேயாதான். ஆனால் கணக்கு விதி அந்த 20 ஒழுங்குவிதிகளில் இல்லை. அலெக்சாந்திரியா சபைக்கு எழுதிய கடிதத்தில் முடிவை மட்டும் சொல்கிறார்கள். பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்ற முறை அலெக்சாந்திரியா வழக்கத்திலிருந்து பரவியது. 1582இல் போப் 13ஆம் கிரகோரி காலண்டரைத் திருத்தியதும் கணக்கு பிரிந்தது. இப்போது இரண்டு காலண்டருக்கும் 13 நாள் வித்தியாசம், பௌர்ணமிக் கணக்கும் வேறு. 2024இல் மேற்கே மார்ச் 31, கிழக்கே மே 5. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20. 2027இல் மார்ச் 28, மே 2. 2028இல் மறுபடி ஒன்றாக ஏப்ரல் 16.

1997இல் சிரியாவின் அலெப்போவில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய கூட்டத்தில் நல்ல யோசனை வந்தது. எருசலேமை மையமாக வைத்து வானியல்படி கணக்கிடலாம், நிசேயாவின் நோக்கமும் நிறைவேறும் என்றார்கள். அது அப்படியே நிற்கிறது.

கோட்டயம் எக்ஸ்பிரஸ்

டீச்சர், இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவில் எங்கள் ஈஸ்டரும் உங்கள் ஈஸ்டரும் ஒரே நாள். காப்டிக் சபைக்கு வேறு நாள். ஆனால் நற்கருணை உறவு காப்டிக்கோடுதான், உங்களோடு இல்லை. பின்லாந்து ஆர்த்தடாக்ஸ்காரர்கள் மேற்கத்திய தேதியில் கொண்டாடிக்கொண்டே மற்ற ஆர்த்தடாக்ஸோடு உறவில் இருக்கிறார்கள். கிரீஸ் நாட்டுக் கத்தோலிக்கர் ஆர்த்தடாக்ஸ் தேதியில் கொண்டாடுகிறார்கள். தேதி ஒன்றாவது நல்லதுதான், குடும்பங்களுக்குச் சௌகரியம். சபை ஒன்றாகாது.

வேதபாட டீச்சர்

அது உண்மை. ஆனால் ஏட்டுச்சுரைக்காய் தம்பியிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பழைய தண்டனையைத் தீர்க்காமல் ஒற்றுமை இல்லை என்று நீங்கள் சொல்வது மாதிரி இருக்கிறது. நாங்கள் வேறு வழியில் போனோம்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். பேராயர் வி.எஸ். அசரியா முன்னணியில் இருந்தார். அவர்கள் யார் சரி, யார் தப்பு என்று வரலாற்றைத் தோண்டவில்லை. பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்றார்கள். வேதம், அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், நிசேயா விசுவாசப் பிரமாணம், இரண்டு திருநியமங்கள், வரலாற்றுப் பேராயர் முறை, இதை அடிப்படையாக வைத்துப் பேச்சைத் தொடங்கினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாயின. பேராயர்கள் உள்ள சபையும் பேராயர்களே இல்லாத சபைகளும் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. பழைய போதகர்கள் யாருக்கும் மறுபடி அபிஷேகம் செய்யவில்லை. நிசேயாவை வைத்துக்கொண்டோம், சண்டையை விட்டுவிட்டோம். ஏன் முடியாது?

ஏட்டுச்சுரைக்காய்

டீச்சர், 1947ஐ மதிக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம். உங்களில் யாரும் மற்றவரின் புனிதரைச் சபித்திருக்கவில்லை. மெதடிஸ்ட் பாட்டில் ஆங்கிலிக்கன் பேராயர் மதபேதக்காரர் என்று வராது. அடுத்தது, விலை கொடுத்தீர்கள். மறுபடி அபிஷேகம் இல்லை என்பதற்காகவே இங்கிலாந்தில் உயர்சபை ஆங்கிலிக்கன்கள் குதித்தார்கள். 1948 லாம்பெத் மாநாடு (உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூட்டம்) உங்களை முழு உறவில் ஏற்கவில்லை. தரங்கம்பாடியை மையமாகக் கொண்ட லூத்தரன் சபையே உங்களோடு சேரவில்லை.

வேதபாட டீச்சர்

விலை கொடுத்தோம், சரி. கொடுத்தவர்கள் லண்டனைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். திருநெல்வேலியில் ஒரு தெருவில் இரண்டு சபை இருந்து மூன்றாவது ஆளுக்குச் சுவிசேஷம் சொன்னால் அவன் சிரிப்பான். அசரியாவுக்கு அந்த வெட்கம் இருந்தது. கெய்ரோவிலும் ஏதென்ஸிலும் அந்த வெட்கம் வர வேண்டும்.

சிஎஸ்ஐக்குள்ளேயே இப்போது தேர்தல், வழக்கு என்று நடப்பதை நீங்கள் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நாற்காலி நோய் எங்களுக்கும் உண்டு. அந்த அளவுக்கு உங்கள் கட்சிதான்.

ஜெபவீரன்

டீச்சர் சொன்ன “வெட்கம்” எனக்குப் பிடித்தது. எங்கள் தெருவில் மட்டும் நாலு ஐக்கியம் இருக்கிறது, எங்களையும் சேர்த்து.

சந்தேகத் தோமா

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. நான் கத்தோலிக்கன், டீச்சர் சிஎஸ்ஐ. நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் கோட்டயத்தில் சேட்டன் கோயிலுக்கு வந்தால் நற்கருணை கொடுப்பார்களா?

கோட்டயம் எக்ஸ்பிரஸ்

உட்கார நல்ல இடம் கொடுப்போம், முடிந்ததும் சாயா கொடுப்போம். நற்கருணை இல்லை, இருவருக்கும்.

உங்கள் சபை எங்களைவிடத் தாராளம், தோமா. 1984இல் போப் 2ஆம் ஜான் பாலும் அந்தியோக்கியாவின் சிரியன் பாத்திரியார்க் முதலாம் சாக்காவும் கையெழுத்திட்ட அறிக்கைப்படி, சொந்தக் குருவை அணுக வழியில்லாத நேரத்தில் ஒரு தரப்பு விசுவாசி மற்றத் தரப்புக் குருவிடம் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, நோயில் பூசுதல் மூன்றும் கேட்கலாம். அப்படி வழியில்லாத நேரத்தில் யாக்கோபாயக் கோயிலில் உங்களுக்கு அந்த வாசல் உண்டு. எங்கள் தரப்பு 1990இல் கத்தோலிக்கரோடு கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாட்டில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது, அதில் இந்த ஏற்பாடு இல்லை. டீச்சருக்கு அங்கே மார்த்தோமா சபை சரியாக வரும். அவர்களுக்கும் சிஎஸ்ஐக்கும் திருவிருந்து உறவு இருக்கிறது. கோட்டயத்தில் மூன்று கோயிலும் உண்டு, ஆட்டோ பிடித்தால் போதும்.